பெரிய மனுஷ ஒட்டகம்

“இது ஒட்டகம்னு உனக்குத் தெரியும், இப்ப எனக்கும் சொல்லிட்டே. பாக்கற குழந்தைக்கு யார் போய்ச் சொல்றது?”

ஓவியர் அந்த மாதிரிப் புத்தகத்தை மேஜைமேல் தள்ளிவிட்டார். எதிரே ஒரு இளம்பெண் நின்றிருந்தாள். மூன்று வருஷம் அவரிடம் கலர் போட்டுக் கொடுத்தவள். அவர் கோடு போடுவார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவள் முயலுக்கும் கேரட்டுக்கும் வர்ணம் நிரப்புவாள். அட்டையில் அவர் பெயர் வரும், அவள் பெயர் எங்கேயும் வராது. போன மாதம் வேலையை விட்டவள், இன்று சொந்தமாக ஒரு படக்கதை செய்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பத்துத் தாளை மடித்துத் தைத்துவிட்டால் எழுத்தாளராகிவிடலாம் என்று நினைப்பு!

“உட்காரட்டுமா சார்?”

“எதுக்கு? ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்.”

வேண்டாவெறுப்பாகத்தான் பக்கங்களைப் புரட்டினார். கழுத்தில் சிவப்பு மஃப்ளர் சுற்றிய ஒட்டகம். யார் எதைக் காட்டினாலும் தாடையைத் தூக்கிக்கொள்ளும், கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும், கீழுதட்டைப் பிதுக்கும். இப்படி வானத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பள்ளத்தில் விழும். விழுந்த பிறகும் உதடு மட்டும் பிதுங்கியே இருக்கும்.

ஏழாம் பக்கத்தில் ஓவியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கிச் சமாளித்தார்.

“எங்க பாத்து வரைஞ்சே? மிருகக்காட்சி சாலையா?”

“இல்ல சார். மூணு வருஷமா வரைஞ்சு வரைஞ்சு கிழிச்சுப் போட்டேன். கடைசியில ஒண்ணு சரியா வந்துது.”

“ஒரு ஒட்டகத்துக்கு மூணு வருஷம்! உருப்பட்ட மாதிரிதான். சரி, வெச்சிட்டுப் போ. நேரம் கிடைச்சா பாக்கறேன்.”

அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நேரம் கிடைத்துவிட்டது. கதவைத் தாழிட்டு, படியெடுக்கிற கண்ணாடி மேஜையின் விளக்கைப் போட்டார். அவள் தாளைக் கீழே வைத்து, தன் தாளை மேலே வைத்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் குற்றம் முழுக்க அவருடையதுதான். கடைசியாக வந்த நாலு முயல் புத்தகங்களும் பதிப்பாளரின் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தன. ‘அடுத்ததும் இப்படின்னா, இதோட நிறுத்திக்கலாம் சார்’ என்று பதிப்பாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நாற்பது புத்தகம் போட்ட கைக்கு நாற்பத்தொன்றாவது ஓடவில்லை.

ஒரே வாரத்தில் எல்லாப் பக்கமும் முடிந்தது. சிவப்பு மஃப்ளரை மட்டும் நீலமாக்கினார். அதோடு அது அவருடைய ஒட்டகம் ஆகிவிட்டதாம். அவளைக் கூப்பிட்டு, “தேறாதும்மா. வேற வேலை பாரு” என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

பதிப்பாளர் படங்களைப் பார்த்தார். ஓவியரைப் பார்த்தார். மறுபடியும் படங்களைப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சார், இப்படி ஒண்ணை நீங்க போடுவீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல. ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு!”

திறமையைப் பாராட்டாமல் மனசைப் பாராட்டுகிறானே, என்ன ரசனையோ என்று ஓவியர் அலுத்துக்கொண்டார். படம் பார்க்கத் தெரியாதவனெல்லாம் பதிப்பாளர்!

வெளியீட்டு விழாவுக்கு நூலகத்தின் பெரிய கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு ஒட்டகத்தின் படத்தை நிறுத்தியிருந்தார்கள். அவர் வந்து உட்கார்ந்ததுமே குழந்தைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வாயைத் திறப்பதற்கு முன்பே இந்த வரவேற்பா! முயலுக்கு ஒருநாளும் இப்படிக் கிடைத்ததில்லை.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் அவளைப் பார்த்தார். எழுந்து கத்தப் போகிறாளா? பையில் அந்தச் சிவப்பு மஃப்ளர் புத்தகம் இருக்குமா? எல்லார் முன்னாலும் மானம் போய்விடுமே! ‘என்கிட்ட வேலை பாத்த பொண்ணு, என் படத்தைப் பாத்துப் போட்டுட்டு இப்ப வந்து நிக்குது’ என்று சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“யாருக்காவது கேள்வி இருக்கா?” என்று பதிப்பாளர் ஒலிபெருக்கியில் கேட்டார்.

ஓவியரின் கண் மூன்றாவது வரிசையை விட்டு நகரவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். எழுந்தது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி. பல் விழுந்த வாய், கையில் புதுப் புத்தகம்.

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. இந்தப் பொடிசு என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறது?

“ம், கேளு” என்று தாடையைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, கீழுதட்டைப் பிதுக்கினார். கூடம் மொத்தமும் குலுங்கிச் சிரித்தது.

சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாக நின்றிருந்த சிறுமி கேட்டாள்: “அங்கிள், உங்களை நீங்களே எப்படி இவ்ளோ கரெக்டா வரைஞ்சீங்க? கண்ணாடி முன்னாடி உக்காந்துக்கிட்டா?”