ஜெனீவாவுக்கும் லோசானுக்கும் நடுவே

விமானம் இறங்குவது ஜெனீவாவில். கணவன் றமீஸின் வீடு இருப்பது லோசானில். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் கார் இல்லாமல் எப்படிப் போய்வருவது என்பதுதான் பரீனாவுக்குப் பிடிபடாமல் இருந்தது.

சாய்ந்தமருது வீட்டில், அஸர் தொழுதுவிட்டு, சாப்பாட்டு மேசையில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துக் கிடைத்த விசா. கொழும்புக்கு அப்பால் அவள் எங்கும் போனதில்லை.

அவளுடைய உம்மா சபியா தரையில் பெட்டியைத் திறந்து வைத்து, மருமகனுக்கென்று மருதமுனையில் வாங்கிய கைத்தறிச் சாரன்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"முதல்ல காக்காவப் பாத்துட்டு மறுகா வீட்ட போ மகள்."

பரீனாவுக்கும் அதுதான் எண்ணம். அவளுடைய மூத்த சகோதரர் அஹ்ஸன் காக்கா இருப்பது ஜெனீவாவில். இறங்குகிற ஊரிலேயே இருக்கிறவரைப் பார்க்காமல் தாண்டிப் போக மனம் வரவில்லை.

றமீஸ் வேறு மாதிரிச் சொல்லியிருந்தான். முதலில் வீட்டுக்கு வா. ஜெனீவாவுக்கு இன்னொரு நாள் போகலாம். நம்மிடம் கார் இல்லை, கார் இல்லாமல் அங்கே போய்வருவது லேசில்லை, கார் வைத்திருக்கிற கூட்டாளி யாருக்காவது நேரம் கிடைக்கட்டும்.

அவன் சொன்னதை மீற வேண்டும் என்று அவள் தேடவில்லை. ஏதாவது பஸ் ஓடினால் அவனுக்கும் சொல்லலாமே என்றுதான் தேடினாள்.

பிரெஞ்சுப் பெயர்களை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தாள். வரைபடத்தில் நீளமான ஒரு வாவி வந்தது. அதன் ஓரத்திலேயே இரண்டு ஊரும் இருந்தன. கார் படத்தை விட்டுவிட்டு ரயில் படத்தைத் தொட்டாள்.

நாற்பது நிமிடம் என்று காட்டியது.

ஊரை மாற்றி அடித்துவிட்டோம் என்று நினைத்தாள். அழித்து, திரும்ப அடித்தாள். அதேதான். ஒரு ரயில் போனால் பின்னாலேயே அடுத்த ரயில்.

அந்த நாட்டில் இருக்கிற தமிழ்ப் பெண் ஒருத்தி போட்ட வீடியோ ஒன்று கிடைத்தது. காலையில் லோசானைச் சுற்றிவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு ஜெனீவா போய், வாவிக்கரையில் படம் எடுத்து, பொழுதுபட முதல் திரும்பியிருந்தாள். இதற்கெல்லாம் கார் எதற்கு என்று கேட்டுச் சிரித்தாள்.

பரீனா வீடியோவை நிறுத்தினாள்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போக இதைவிட அதிக நேரம் ஆகும்.

மூன்று வருடங்களுக்கு முன், ஜெனீவாவில் ஓர் ஆஸ்பத்திரியில், அஹ்ஸன் காக்கா ஒன்றரை மாதம் கிடந்தார். வீடியோவில் முகம் தெரிகிற போதெல்லாம் றமீஸ் எப்போது வருவான் என்றுதான் கேட்டார். தங்கச்சியின் மாப்பிள்ளை என்று அவனை அந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அவர். வேலை கிடைக்கும்வரை தன் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவர்.

றமீஸ் போகவில்லை. தூரம் என்றான். கார் இல்லை, போய்வர ஒரு நாள் போதாது, லீவு தருகிறார்களில்லை என்று சொல்லி அழுதான். கண்ணீர் வீடியோவில் நன்றாகத் தெரிந்தது.

காக்கா மௌத்தான பிறகும் போகவில்லை. பள்ளிவாசலுக்கு வருகிற சூடான்காரர்களும் மொரோக்கோக்காரர்களும் குளிப்பாட்டி, தொழுது, அடக்கினார்கள். அந்தக் கபுறில் ஒரு பிடி மண் போட சொந்தத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

யாசீன் ஓத வந்த பெண்கள், மருமகனும் அந்த நாட்டில்தானே என்று கேட்டார்கள். பரீனாவை வாய் திறக்கவிடாமல் உம்மாதான் பதில் சொன்னார். கல்முனைக்கும் கொழும்புக்கும் உள்ளதைவிடத் தூரமாம், காருமில்லாமல் அந்தப் பிள்ளை என்ன செய்யும். நாற்பதாம் நாள் கத்தத்திலும் அதையே சொன்னார். இந்த மூன்று வருடமும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்.

பரீனா றமீஸுக்கு அழைப்பு எடுத்தாள். அன்று அவனுக்கு லீவு நாள். லோசானிலிருந்து ஜெனீவாவுக்கு ரயிலில் நாற்பது நிமிடம்தானாமே என்று மட்டும் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

மறுபக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

"உனக்கு ஆரு சொன்ன?" என்றான்.

அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். காக்கா கிடந்த கோலத்தைப் பார்க்க மனம் வரவில்லை என்றிருக்கலாம். எழும்பப் பஞ்சிப்பட்டுக் கிடந்துவிட்டேன் என்றாலும்கூட அது ஒரு பதில்தான். அவன் திரும்பவும் யார் சொன்னது என்றே கேட்டான்.

ஸலாம் சொல்லாமல் அழைப்பைத் துண்டித்தாள்.

ஜெனீவாவில் இறங்கியதும் காக்காவிடம் தனியாகத்தான் போவாள். அதற்குப் பிறகு லோசானுக்கு ரயில் ஏறுவாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

உம்மாவின் கை சாரன்மேல் அப்படியே நின்றிருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"மெய்யாலும் அவ்வளவு தூரம்தானா மகள்?"

அந்த முகத்தைப் பார்த்தபோதுதான், உம்மா இதை இன்றைக்குப் புதிதாகக் கேட்கவில்லை என்பது பரீனாவுக்கு விளங்கியது. மகன் போன நாளிலிருந்து தனக்குள்ளேயே கேட்டுக் கேட்டு, பதில் வந்துவிடும் என்ற பயத்தில்தான் ஊருக்கெல்லாம் முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"ஓம் உம்மா. சரியான தூரம்."

சபியா நெடுமூச்சு விட்டார். பாவம் அந்தப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே, சாரனைக் கசங்காமல் நீவிப் பெட்டிக்குள் வைத்தார்.