இடுப்பில் ஒரு புடைப்பு
லண்டன் வெம்பிளியில் ஒரு ஆரம்பப் பள்ளி. ஆபத்தான ஆள் யாராவது புகுந்தால் பூட்டிக்கொண்டு ஒளிந்திருக்கப் பழகும் கதவடைப்பு ஒத்திகைக்காக வகுப்பறையின் விளக்குகளை அணைத்துத் திரைகளையும் இறக்கிவிட்டார்கள். மேசைகளுக்கடியில் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு சுருண்டிருக்கிறார்கள். திரையோரத்தால் கசிகிற மழைவெளிச்சம் ஆசிரியை நீலவேணியின் கார்டிகனில் விழுகிறது. அவள் இடுப்பருகே சின்னதாய் ஒரு புடைப்பு. போன மாதம் டெக்சஸிலிருந்து வந்து சேர்ந்த இயலினி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். “மிஸ், அது துவக்கோ?” என்று விரல்களைத் துப்பாக்கிபோல் மடித்துக் காட்டிக் கிசுகிசுக்கிறாள். “அங்க எங்கட மிஸ் வச்சிருந்தவ. சட்டம் விட்டதாம்.” “இல்லையம்மா. இஞ்ச படிப்பிக்கிற ஆக்கள் துவக்கு வச்சிருக்கேலாது, சட்டம் விடாது.” நீலவேணி கார்டிகனை விலக்கி வாக்கிடாக்கியைக் காட்டுகிறாள். இயலினி தலையாட்டுகிறாள். “அப்ப ஆராவது சுட வந்தா?” நீலவேணி வாயெடுக்குமுன் நடைகூடத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்கிறது, நெருங்கி வந்து கதவுக்கு வெளியே நிற்கிறது. பள்ளி அதிபர்தான். பூட்டைச் சோதிக்க வருவேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். ஆனாலும் கைப்பிடி கடகடவென்று ஆட, நீலவேணியின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போகிறது. இயலினி அதைப் பார்த்துவிடுகிறாள். இரண்டு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொள்கிறாள்.