வாய்க்காலில் இரண்டு அலைகள்

ஆழம் குறைந்த, வளைவே இல்லாத ஒரு வாய்க்காலில் சின்ன அலை ஒருத்தி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். அந்த வாய்க்காலில் உயரமான அலைக்கு வேகம் அதிகம், குட்டை அலைக்குக் குறைவு. அதனால் பின்னால் வந்த பெரிய அலை நெருங்க நெருங்க, அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

கரையோரம் தாவிவந்த தவளை வேறு சும்மா இருக்கவில்லை. “போச்சு போ! உன்னை முழுங்கி ஏப்பம் விடப்போறான். ஓடு புள்ள!”

“என் உயரத்துக்கு இவ்வளவுதான் மாமா ஓட முடியும்.”

பெரிய அலை வந்து அவள்மேல் கவிந்தான். இப்போது தண்ணீரில் ஒரே ஒரு மேடுதான் தெரிந்தது. தவளை உச்சுக்கொட்டியது.

தான் எது, அவன் எது என்றே அவளுக்குப் புரியவில்லை. “அண்ணே, நான் இருக்கேனா?”

“இருக்கே தாயி. இங்க தண்ணியும் மாறாது, உந்தமும் மாறாது, சக்தியும் மாறாது. இன்னும் எண்ணி முடியாதது எத்தனையோ மாறாம நிக்கணும். அத்தனையும் சரியா வரணும்னா, நீ நீயாத்தான் வெளிய வந்தாகணும்.”

சொன்னபடியே மேடு இரண்டாகப் பிரிந்தது. பெரியவன் முன்னால் போனான். அவள் தன்னைத் தடவித் தடவிப் பார்த்தாள். அதே உயரம், அதே அகலம், அதே நடை.

“அட, ஒண்ணுமே நடக்கலையா?” என்றது தவளை, ஏமாந்துபோய்.

“நடந்துச்சே மாமா! என்னால அவரு, தனியா வந்திருந்தா இருக்கவேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் முன்னால போயிருக்காரு. அவரால நான், இருக்கவேண்டிய இடத்துக்கு ஒரு சாண் பின்னால வந்திருக்கேன். எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் அது தெரியும்.”