கம்பங்களி

சண்முகக்கனியின் தம்பி மகளை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அவள் மகன் காதலித்துக் கட்டிவந்தவள் பிரேமா. பழிதீர்க்கக் காத்திருந்த மாமியாருக்கு, மருமகள் கர்ப்பமாகி ஆறாம் மாசத்தில் வழி கிடைத்தது.

“அத்தை, நெல்லுச்சோறும் அல்வாவும் திங்க ஆசையா இருக்கு.”

“ஏட்டி, நீ என்ன ஜமீன் வீட்டுப் பிள்ளையா? கம்பங்களியும் கீரையும்தான். தின்னுட்டுப் புஞ்சை வரைக்கும் நடந்துட்டு வா!”

மருமகள் கண்ணைக் கசக்கக் கசக்கச் சண்முகக்கனிக்கு வயிறு குளிர்ந்தது. பிரசவம்வரை களியை நிறுத்தவே இல்லை.

சுகப்பிரசவம். பேரனைப் பார்க்க வந்த சண்முகக்கனி ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே நர்ஸ் பிரேமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆறாம் மாசம் சர்க்கரை அவ்வளவு ஏறிக் கெடந்துச்சே! ஊசியே போடாம எப்படிம்மா கொறைச்ச? சோறு, இனிப்பெல்லாம் ஒதுக்க வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?”

“சர்க்கரைன்னு சொல்லியிருந்தா எங்க அத்தை வேணும்னே அல்வா கிண்டிப் போட்டிருப்பாக, சிஸ்டர். அதான் தெனமும் அல்வா கேட்டு அழுதேன்.”