பிள்ளையின் பங்குக் காற்று

செவ்வாயில் முதலில் குடியேறியவர்களில் செண்பகவல்லியும் அருளப்பனும் உண்டு. அங்கே அவரவர் வளர்க்கும் செடிகள்தான் அவரவர் வீட்டுக்கு மூச்சுக்காற்று. அவர்களுடைய பிள்ளையோ ஒரு மாதம் முந்திப் பிறந்துவிட்டது. அதற்கென்று விதைத்த கீரை அப்போதுதான் முளைவிட்டிருந்தது. காற்று போதவில்லை என்று வாசலில் சிவப்பு விளக்கு எரிந்ததும் செண்பகவல்லி பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டாள்.

அருளப்பன் பதறியடித்து, வீடுகளை இணைக்கும் கூடத்துக் கதவைத் திறந்தான். பக்கத்து வீட்டு மைமூன் இடுப்பில் தக்காளித் தொட்டியோடு நின்றாள். பின்னால் ஊரே புதினாவும் முருங்கையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தது.

“உங்க வீட்டுக்கு வேண்டாமாக்கா?” என்றாள் செண்பகவல்லி.

“நாங்க கொஞ்சம் மெதுவா மூச்சு விட்டுக்கறோம். முதல்ல பிள்ளையைக் காட்டுடி!”

விளக்கு பச்சையானது. தொட்டிகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்ற அருளப்பன், “மூச்சுக்கு வழி பிறந்தாச்சு, கால் வைக்கத்தான் இடமில்லை!” என்றான். செண்பகவல்லி வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தாள்.