பொட்டு வைத்த நட்டு

காருக்கு அடியில் நான்தான் போவேன் என்று முந்திக்கொண்டேன்.

அசோகன் ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தான். முகம் நசுங்கிய அந்த மாரிஸ் மைனர், ராமானுஜத்தின் மந்தைவெளி வீட்டு ஷெட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

மறுநாள் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப் போகிறார். அதற்குள் ராமானுஜத்தின் மனைவி சந்திரிகாவுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை காலை, திருவான்மியூர் சிக்னலில் ராமானுஜம் பிரேக்கை மிதித்தான். பிடிக்கவில்லை. முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது.

போலீஸ் காகிதத்தில் 'பிரேக் பழுது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சந்திரிகாவால் அப்படி முடித்துக்கொள்ள முடியவில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் மூன்று பேரும் இதே ஷெட்டில் அந்தக் காருக்கு பிரேக் பைப்பெல்லாம் புதிதாக மாற்றியிருந்தோம்.

"சாய்நாத், யார் கை வெச்சதுன்னு பார்த்துச் சொல்லுங்கோ. அவரேன்னா அவரோட போகட்டும். உங்கள்ல ஒருத்தர்னா, இனிமே இந்தாத்து வாசப்படி மிதிக்க வேண்டாம்" என்றாள் என்னிடம். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

பார்த்துச் சொல்ல வழி இருந்தது.

இருபது வருஷமாக ஞாயிறு தவறாமல் கையைக் கருப்பாக்கிக்கொண்டவர்கள் நாங்கள். ராமானுஜத்தின் மாரிஸ், அசோகனின் ஹெரால்டு, என் ஆஸ்டின். மூன்றும் இங்கிலாந்துக் கிழடுகள். மாற்றி மாற்றிப் படுத்துக்கொள்ளும். ஒருவன் விட்ட இடத்தில் இன்னொருவன் தொடுவான். யார் எந்தச் சக்கரம் பார்த்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

அதனால் ஒரு வழக்கம். நட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. ராமானுஜத்துக்குச் சிவப்பு, சந்திரிகாவின் அலமாரியிலிருந்து சுட்டது. அசோகனுக்கு ரோஸ். எனக்கு நீலம். மூன்று புட்டியும் ஸ்பேனர் பெட்டியிலேயே கிடக்கும்.

பொட்டு வைத்த நட்டில் மற்றவன் ஸ்பேனர் வைக்கக் கூடாது. வைத்தால் பொட்டு வைத்தவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். அப்படி ஒரு ரோஷம் எங்களுக்கு. மண்ணாங்கட்டி ரோஷம்.

டார்ச்சையும் ஸ்பேனர் பெட்டியையும் இழுத்துக்கொண்டு மல்லாந்து உள்ளே நகர்ந்தேன்.

முன்பக்க இடது சக்கரம். பைப் வந்து சேரும் இடத்திலிருந்த நட்டை இரண்டு விரலால் திருப்பினேன். திரும்பியது. ஸ்பேனரே படாத நட்டுதான் அப்படித் திரும்பும். மூன்று நாள் பிரேக் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. இந்தக் காலத்துக் காரில் ஒரு பக்கம் போனாலும் இன்னொரு பக்கமாவது பிடிக்கும். மாரிஸில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன்.

டார்ச்சை நட்டுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

"இன்னா மச்சி, தெரியுதா?" அசோகனின் செருப்பு பக்கத்தில் வந்து நின்றது.

"இரு. ஒரே அழுக்கு. துடைச்சுப் பார்க்கறேன்."

ஐந்து நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்து, ஷெட் வாசலில் நின்றிருந்த சந்திரிகாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"சிவப்பு."

அவள் ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டாள். நசுங்கிப் போயிருந்த டிரைவர் சீட்டைப் பார்த்து, "ஒரு நட்டை ஒழுங்கா முறுக்கத் துப்பில்லாமத்தான் என்னை விட்டுட்டுப் போனேளா?" என்றாள்.

இருபது வருஷத்தில் அவள் அவனைத் திட்டி நான் கேட்டதே இல்லை.

அசோகன் அசையாமல் நின்றான். "ஒரு நட்டை மூணு தபா தொட்டுப் பாக்கற ஆளுடா அவன்" என்றபடி என் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு காருக்கு அடியில் போனான்.

அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து தரையில் உட்கார்ந்தபடியே தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தான். நுனியில் சிவப்பு ஒட்டியிருந்தது.

ஆயில் ஊறிய இடத்தில் நெயில் பாலிஷ் லேசில் காயாது.

ஈரச் சிவப்போடு, மூன்று வாரம் ஊறி உரிந்த வேறு ஒரு நிறமும் துணுக்காக வந்திருந்தது. நீலம்.

அவன் என்னைப் பார்த்தான். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஆமாங்க" என்றான் சந்திரிகாவிடம். "அவன்தான்."

விரலைக் கரித்துணியில் துடைத்தான். சிவப்பு போகவில்லை. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

சந்திரிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்துக் கை கூப்பினாள். "உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கோ. ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லி உள்ளே போனாள்.

அசோகன் ஸ்பேனர் பெட்டியிலிருந்து நீலப் புட்டியைத் தேடி எடுத்து என் சட்டைப் பையில் போட்டான். வெளியே அவன் ஸ்கூட்டர் கிளம்பித் தெரு முனை திரும்பும்வரை எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"பொங்கல் ஆறிடறது, வாங்கோ!" என்று சமையலறை ஜன்னலிலிருந்து சந்திரிகா கூப்பிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் இதே ஜன்னல், இதே வார்த்தை. நட்டைக் கையால் திருகி, அவசரத்தில் பொட்டை முதலில் வைத்துவிட்டு, ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு வந்து முறுக்கிக்கொள்ளலாம் என்று எழுந்தேன்.

தன் நட்டை மூன்று தரம் தொட்டுப் பார்க்கும் ராமானுஜம், என்னுடையதை ஒரு தரம்கூடத் தொட்டதில்லை. நீலம் இருந்தால் அவனுக்குப் போதும்.

கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன்.