ரீசெட்

திரையில் ஒரே ஒரு கோடு.

அலை வந்திருக்க வேண்டும். சைன் போட்டால் வரைபடம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இவனுக்கு மட்டும் படுத்துக் கிடந்தது.

எண்களைச் சரிபார்த்தான். சமன்பாட்டைச் சரிபார்த்தான். இரண்டிலும் தப்பில்லை.

பிறகுதான் உறைத்தது. கால்குலேட்டரில் கோண அளவு டிகிரியில் இருக்கிறது. ரேடியனில் இருக்க வேண்டும்.

இரண்டு வருடமாகக் கணக்கு மிஸ் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றியிருந்தார். தேர்வறை வாசலில் எல்லாரும் ரீசெட் செய்வீர்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கோணம் தானாக ரேடியனுக்கு வந்துவிடும். அதைத் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

வாசலில் எல்லாரும் ரீசெட் செய்தார்கள்.

இவன் செய்தது வேறு. ரீசெட் ஆனதும் வருகிற வாசகத்தை அதே எழுத்தில், அதே இடத்தில் காட்டுவதற்கு ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். பார்க்கிறவருக்கு எல்லாம் அழிந்தது போல இருக்கும். நாற்பத்திரண்டு சூத்திரங்கள் உள்ளே பத்திரமாக இருக்கும். கண்காணிப்புக்கு நின்ற தெய்வநாயகம் சார் திரையைப் பார்த்துத் தலையாட்டி உள்ளே விட்டார். தன் சாமர்த்தியத்தை நினைத்து இவனுக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

ஆனால் எதுவும் அழியாது என்றால் எதுவும்தான் அழியாது. முந்தாநாள் பிசிக்ஸ் கணக்குக்காக வைத்த டிகிரியும் அப்படியே இருந்தது.

பொத்தானை அழுத்தி மாற்றினான்.

அலை வந்தது.

இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. முன்னால் போட்ட இரண்டு கணக்கைத் திருத்தினால் போதும். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

பேனாவை எடுத்தான். எழுதவில்லை.

சம்யுக்தா.

மூன்று மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னலும், அசைகிற முழங்கையும் மட்டும்தான் தெரிந்தன.

அவள் கால்குலேட்டரிலும் அதே புரோகிராம் இருக்கிறது. முந்தாநாள் பிசிக்ஸ் வகுப்பு முடிந்த கையோடு இவன்தான் ஒயரைச் செருகி ஏற்றிக் கொடுத்தான். அவள் வேண்டாம் என்றாள். இரண்டு முறை சொன்னாள். பயந்தாங்கொள்ளி என்று சிரித்துக்கொண்டே ஏற்றினான். அவளுக்குத் தன்னைப் பிடிக்க வைப்பதற்கு வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்துத் தன் மடியில் விட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. இவன் அவள் மடியில் விட்டிருந்தான்.

அவளுடையதும் டிகிரியில்தான் இருக்கும்.

ஸ்காட்லாந்தில் ஒரு கல்லூரி அவளுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. கணக்கில் ஏழு புள்ளிக்கு ஆறு வாங்கினால் அது அவளுக்கு. இந்தத் தாளில் பாதிக் கணக்கு கோணத்தில் வந்திருக்கிறது.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். எந்தத் தடுமாற்றமும் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. தப்பை இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டு போகிறாளே.

ஐந்து நிமிடம் போயிற்று.

நுணலும் தன் வாயால் கெடும். அவனுக்கும் தெரியும்.

கையைத் தூக்கினான். தெய்வநாயகம் சார் பக்கத்தில் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. மூன்று மேசை தாண்டிக் கேட்கிற மாதிரி, உரக்கக் கேட்டான்.

"சார், கால்குலேட்டர் டிகிரில இருந்தா ரேடியனுக்கு மாத்திக்கலாமுங்களா?"

அறை முழுக்கத் தலைகள் திரும்பின. யாரோ சிரித்தார்கள்.

அவள் திரும்பவில்லை. முழங்கை அசைந்துகொண்டே இருந்தது.

சார் மெதுவாக நடந்து வந்தார். பிசிக்ஸ் நடத்துகிறவர். முந்தாநாள் டிகிரியில் வைக்கச் சொன்னவரே அவர்தான்.

"ரீசெட் பண்ணினா அதுவே ரேடியனுக்கு வந்துருமே தம்பி."

சொல்லிவிட்டு அவரே நின்றார். யோசித்தார். கையை நீட்டினார்.

இரண்டு பொத்தான்தான் அழுத்தினார். சூத்திரங்கள் வரிசையாக வந்தன. அவர் கத்தவில்லை. தாளை எடுத்து மடித்தார். வெளியே வா என்று தலையை அசைத்தார்.

அவன் எழுந்து அவர் பின்னால் நடந்தான். மூன்றாவது மேசையருகே அவர் நின்றார். வகுப்பில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு என்பது அவருக்குத் தெரியும்.

"ஒரு நிமிஷம்மா."

அவள் கால்குலேட்டரை எடுத்தார்.

காப்பாற்றப் போய் நேராக அவளிடம் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

சார் அதே இரண்டு பொத்தானை அழுத்தினார்.

வெறும் திரை.

ஒரு வரிகூட இல்லை. வாசலில் அவள் நிஜமாகவே அழித்திருக்கிறாள். புரோகிராமை, சூத்திரங்களை, டிகிரியை, எல்லாவற்றையும்.

சார் கால்குலேட்டரைத் திருப்பி வைத்தார். "எழுதும்மா" என்றார். அவள் சாரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் நின்றவனைப் பார்க்கவில்லை. விட்ட வரியிலிருந்து எழுதத் தொடங்கினாள்.

அவனுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. பெரிய நிம்மதி. கதவைத் தாண்டிய பிறகுதான் வெட்கம் வந்தது.

வராந்தாவில் வெயில் அடித்தது. சார் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். கால்குலேட்டரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"வேற யாருக்கெல்லாம் ஏத்திக் குடுத்த?"

அவன் சாத்திய கதவைப் பார்த்தான்.

"யாரும் வாங்கிக்கலீங்க சார்."